பழ ஈ போகவில்லையா? மருந்தை வைத்துவிட்டு ஈரத்தைத் தேடுங்கள்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "மாம்பழம் வாங்கி வைத்து இரண்டு நாள்தான். அடுப்படி முழுக்கச் சின்னச் சின்ன ஈ. ஸ்பிரே அடித்தேன், அன்றைக்குச் செத்துக் கிடந்தது. ஒரு கிழமையில் திரும்பவும் அதே கூட்டம். பக்கத்து வீட்டு அக்கா மரக்கறிக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்கிறார். மாமியார் இனிப் பழமே வாங்காதே என்கிறார். ஈ மொய்த்த பழத்தைச் சின்னவன் தின்றும்விட்டான். என்ன செய்வது?"

தங்கச்சி, சின்னவனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த ஈ கடிக்காது. பழத்தோடு அதன் முட்டையோ புழுவோ வயிற்றுக்குள் போனாலும் அனேகமாகச் செரித்துவிடும். நாம் எல்லோரும் தெரியாமல் எத்தனையோ தின்றிருப்போம். ஆனால் இந்த ஈ குப்பையிலும் கழிவுநீர்க் கானிலும் உட்கார்ந்துவிட்டு வந்து பழத்தில் உட்காரும், கிருமியைக் காலில் கொண்டு வரும். ஆகவே பிள்ளைக்கு வயிற்றால் போனாலோ சத்தி எடுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பழம் வாங்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் பிள்ளைகள் தட்டில் பழம் விழுவதே குறைவு, அதை ஓர் ஈக்காக இழக்கக் கூடாது.

அடுத்தது அந்த மருந்து. மற்றதெல்லாம் ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, இது பிந்தக் கூடாது. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். வெட்டவெளியில், காற்றில், அறுவடைக்கு இத்தனை நாள் முன்னதாக என்று கணக்குப் போட்டு அடிப்பதற்குச் செய்த மருந்து அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அடித்தால் பாத்திரத்திலும் பலகையிலும் படிந்து நிற்கும். தவழுகிற பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கதவு மூலையில் வைப்பது. டைமெத்தோவேட், பென்தியன், பரகுவாட் என்று ஒன்றன்பின் ஒன்றாக இலங்கையில் தடை செய்தார்களே, அவற்றைக் குடித்து அத்தனை பேர் செத்துப்போனதால்தான். ஏற்கெனவே வீட்டில் ஒரு போத்தல் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துப் பூட்டி வையுங்கள். தவறிப்போய்ப் பிள்ளை வாயில் பட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

இனி ஈக்கு வருவோம். உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அப்பா டவுனில் பழக்கடை வைத்திருந்தவர். ஆகவே இந்த ஈயைக் கடையிலும் கண்டு வளர்ந்தேன், வகுப்பறையில் போத்தலுக்குள் வளர்த்தும் இருக்கிறேன். ட்ரொசொபிலா என்று பெயர். 1910இல் அமெரிக்காவில் தோமஸ் ஹண்ட் மோர்கன் என்ற விஞ்ஞானி வெள்ளைக் கண்ணோடு பிறந்த ஒரேயோர் ஈயைக் கவனித்து, அதை வைத்துப் பரம்பரைக் குணம் உயிரணுவுக்குள் இருக்கிற நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஏன் இந்த ஈயைப் பிடித்தார் என்றால், ஒரு போத்தலும் கொஞ்சம் வாழைப்பழமும் இருந்தால் போதும், பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அவருக்கு வரமாக இருந்த அதே குணம்தான் உங்கள் அடுப்படியில் தொல்லையாக நிற்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது அதுதானா என்று முதலில் பாருங்கள். 3 மில்லிமீற்றர் நீளம், மண்ணிற உடம்பு, வெளிச்சத்தில் பார்த்தால் சிவந்த கண். பழத்துக்கு மேல் அவசரமில்லாமல் மிதப்பது போலச் சுற்றும். நம்மில் பலர் கொசு என்றே சொல்வோம், கடிக்கிற நுளம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிக்கிற இடத்துச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மயிரடர்ந்த, குட்டி வண்ணத்துப்பூச்சி மாதிரியான ஈ வேறு. அது கான் அழுக்கில் பிறப்பது. அந்தூரியம் சாடியைச் சுற்றிப் பறக்கும் மெலிந்த கறுப்பு ஈயும் வேறு. சாடி மண்ணைக் கொஞ்ச நாள் காயவிட்டாலே அது குறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் பழத்தைத் திட்டிப் பயனில்லை.

ஸ்பிரே அடித்தும் ஏன் திரும்பி வந்தது? நீங்கள் கொன்றது பறந்துகொண்டிருந்ததை மட்டும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் 400 முட்டை வரை இடும். முட்டை அரை மில்லிமீற்றர்தான், கண்ணில் படாது. அதிலிருந்து புழு, புழுவிலிருந்து கூடு, கூட்டிலிருந்து ஈ. முட்டையும் கூடும் எங்கேயோ ஓர் ஈரமான இடுக்கில் பத்திரமாக இருக்க, ஸ்பிரே காற்றில் போய்விட்டது. கூட்டைவிட்டு வந்த பெண் ஈ அரை நாளுக்குள் இணை சேரத் தயாராகிவிடும்.

மலைநாட்டில் இருக்கிற நாம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொழும்புக்காரர் சொல்கிற கணக்கு இங்கே சரிவராது. இந்த ஈ வளரும் வேகம் குளிரைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸில் முட்டை ஈயாக எட்டரை நாள் போதும். 18 பாகையில் 19 நாள் எடுக்கும். 12 பாகைக்கு இறங்கினால் 50 நாளையும் தாண்டும். கண்டியிலோ பதுளையிலோ இருப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கவனமாக இருந்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகைதான். அங்கே மூன்று கிழமைக்கு மேல் போகும். ஹற்றன், மஸ்கெலியா, பண்டாரவளை எல்லாம் இரண்டுக்கும் நடுவில். நம் சனங்கள் விடுகிற பிழை இங்கேதான். ஒரு கிழமை துடைத்துக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், ஈ குறையும், முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். குளிரில் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த கூடுகள் அதற்குப் பிறகுதான் வெடிக்கும். பிறகு "இது போகவே போகாது" என்று கையை விரித்துவிடுவார்கள். அது போகும். நாள்தான் கூட வேண்டும்.

வெளியே குளிராக இருந்தாலும் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற மூலை சூடு. அந்த மூலையில் என்ன இருக்கிறதோ அதில்தான் வேகமாகப் பெருகும். இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். வெலிமடையில் இருக்கிற சொந்தக்காரர் ஒரு சாக்கு உருளைக்கிழங்கு கொடுத்திருந்தார். ஈரம் படக்கூடாது என்று அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்த்து வைத்தேன். சில கிழமையில் ஈ தொடங்கியது. பழக்கூடையைக் கழுவினேன், குப்பை வாளியை மாற்றினேன், வாழைப்பழம் வாங்குவதைக்கூட நிறுத்திப் பார்த்தேன். குறையவே இல்லை. படிப்பிக்கிற எனக்கே விளங்கவில்லை. ஒருநாள் கறிக்குக் கிழங்கெடுக்கச் சாக்கின் அடிவரை கைவிட்டபோது விரல் ஒரு கிழங்குக்குள் இறங்கியது. வெளியே இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே கிழங்கே இல்லை, பழுப்புக் கூழ். அதற்குள் வெள்ளை நூல்துண்டு மாதிரிப் புழுக்கள் நெளிந்தன, ஒவ்வொன்றின் வாய்ப்பக்கத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. சாக்கைத் திருப்பிப் பார்த்தேன். சணல் நூல் இடுக்கெல்லாம் சீரகத்தில் பாதியளவில் பழுப்புக் கூடுகள், நுனியில் இரண்டு சின்னக் கொம்போடு, நெருக்கமாக ஒட்டியிருந்தன. அன்றைக்குச் சாக்கை எரித்தேன். நல்ல கிழங்கைக் கழுவி வெயிலில் காயவைத்துத் தட்டில் பரப்பினேன். அதோடு முடிந்தது. ஒரே ஓர் அழுகின கிழங்கு.

ஆகவே மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தேடாமல் இருந்துவிடாதீர்கள். மாம்பழம் ஈயைக் கூப்பிட்டிருக்கும், பிறந்த இடம் வேறாக இருக்கலாம். இந்தப் புழு தின்பது பழத்தை மட்டுமல்ல, புளித்த பண்டத்தில் வளர்கிற ஈஸ்ட்டையும்தான். புளிப்பும் ஈரமும் எங்கே இருக்கிறதோ அங்கே முட்டையிடும். வெங்காயக் கூடையின் அடி, கழுவாமல் போட்ட பியர்ப் போத்தல், சோடாப் போத்தல், அப்ப மா ஒட்டிய சட்டி, தேங்காய்ப்பால் பிழிந்த துணி, நிலம் துடைத்துவிட்டு நனைந்தபடி மூலையில் சாத்திய துடைப்பான், குப்பை வாளிக்கும் பைக்கும் இடையில் ஒழுகி நிற்கும் தண்ணீர், இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மூக்கால் பாருங்கள். கண் ஏமாறும். புளித்த வாசம் வந்தால் அதுதான் இடம். வடியோடு ஒதுக்கி வைத்த தேயிலைச் சக்கையையும் அன்றன்றே கொட்டுங்கள், சீனி போட்டுக் குடித்த கோப்பையை இரவில் அப்படியே வைக்காதீர்கள்.

மாடு இருக்கிற வீடென்றால் முதலில் பார்க்க வேண்டியது கழனி வாளி. சோற்றுக் கஞ்சி, பழத்தோல், மரக்கறிக் கழிவு எல்லாம் சேர்ந்து வாசற்படியோரம் நாள் முழுக்கப் புளிக்கும். ஊற்றுகிறபோது அடியைக் கொட்டிவிடுவோம், விளிம்பில் காய்ந்து ஒட்டிய பொருக்கை யாரும் பார்ப்பதில்லை. ஈரம் பட்டால் அந்தப் பொருக்கிலேயே புழு வளரும். ஒவ்வொரு நாளும் மாட்டுக்கு வைத்துவிட்டுத் தும்பும் சாம்பலும் போட்டு விளிம்போடு தேய்த்துக் கழுவி, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கழிவு சேர்கிற நேரம் ஒரு மூடி வேண்டும். கூட்டெருக் குழி வைத்திருப்பவர்கள், பழக்கழிவைக் கொட்டியதும் அதன் மேல் காய்ந்த சருகோ அடுப்புச் சாம்பலோ மண்ணோ போட்டு மூடிவிட்டால் போதும். குழி வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கானில் பிறக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பொலித்தீன் பையின் உட்பக்கம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, சிங்க் ஓட்டையின் மேல் இரவில் கவிழ்த்து ஓரத்தை ஒட்டிவிடுங்கள். காலையில் பையில் ஈ ஒட்டியிருந்தால் குழாய்க்குள் வளர்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தும்புக் குச்சியால் உட்சுவரில் படிந்த பிசினைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு கொதிதண்ணீர் ஊற்றுங்கள். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் பிசினுக்குள் இருக்கிற புழு பிழைத்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அந்தக் கான் ஓடையில் போய் விழுகிறது, தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் யாரோ அந்தத் தண்ணீரை அள்ளுகிறார்கள்.

இடத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் பொறி. முன்னுக்கு வைத்தால் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், பிறந்துகொண்டே இருக்கும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னை வினாகிரி ஊற்றி, அரைத் தேக்கரண்டி சீனியைக் கரைத்து, பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு துளி விடுங்கள். நுரை வருமளவுக்குக் கலக்க வேண்டாம். அந்த ஒரு துளிதான் வேலையைச் செய்வது. வெறும் வினாகிரியின் மேல் ஈ காலூன்றி நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். சவர்க்காரம் சேர்ந்தால் மேற்பரப்பின் பிடிப்பு உடைந்து ஈ அமிழ்ந்துவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை வினாகிரியை விடத் தென்னை வினாகிரிதான் நல்லது. புளித்து உண்டானதால் அதில் அமிலத்தோடு வேறு பல வாசங்களும் இருக்கின்றன, ஈ அந்தக் கலவையைத்தான் தேடி வருகிறது. அது இல்லாவிட்டால் மிஞ்சிய கள்ளோ, கித்துள் கள்ளோ, அடி பியரோ போதும். எதுவுமே இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டு வையுங்கள், சில மணி நேரத்தில் வாசம் எழும்பும்.

கோப்பையின் வாயில் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஈ நுழையுமளவு துளைவிட்டுச் செருகினால் உள்ளே போனது வெளியே வர வழி தெரியாமல் சுற்றும். பழத்துண்டு போட விரும்பினால் அது முழுக்க அமிழ்ந்து கிடக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கிற வாழைப்பழத் துண்டில் ஈ முட்டையிட்டுவிடும், நாம் வைத்த பொறியே பிள்ளைப்பேற்று அறையாகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள். சாப்பிடுகிற இடத்தில் வேண்டாம், பிள்ளை எட்டாத உயரத்தில், ஈ அதிகம் சுற்றுகிற மூலையில் வையுங்கள்.

பழத்தை எப்படி வைப்பது? வாங்கி வந்ததும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கூடையில் போடுங்கள். கடையிலேயே இட்டிருக்கிற முட்டை தோலிலும் காம்பிலும்தான் இருக்கும், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கோழிக்கூட்டு வாழைச் சீப்பென்றால் காம்பு சேருகிற மடிப்பை மறக்க வேண்டாம். தோல் வெடித்த பழம், அடிபட்டுக் கன்றிய மாம்பழம், சுருங்கின பேசன் பழம் இதையெல்லாம் முதலில் சாப்பிடுங்கள், அல்லது வெட்டிச் சீனி போட்டுக் காய்ச்சிவிடுங்கள். நன்றாகப் பழுத்ததை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மூடிவைப்பதுதான் வழி, ஆனால் சாப்பாட்டுக்குப் போடுகிற வலை மூடி இந்த ஈக்குத் தடையே இல்லை, வலைக் கண் பெரிது. பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கூடையின் மேல் போட்டு ஓரத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். காற்று போகும், ஈ போகாது. வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் நம் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மாம்பழக் காலமும் அதுதான், மேற்குச் சரிவில் மழையும் அதுதான். கதவு சன்னல் பூட்டியே கிடக்கும், துணி காயாது, வீடு முழுக்க ஈரம்.

நீங்கள் லயத்தில் இருப்பதால் இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரே கூரை, ஒரே கான், காம்பராவுக்குக் காம்பரா சுவருக்கு மேலே திறந்த இடைவெளி. நீங்கள் மட்டும் துடைத்தால் பக்கத்து வீட்டுக் கழனி வாளியிலிருந்து வந்துவிடும். இதைக் குற்றமாகச் சொல்லப் போகாதீர்கள். கொழுந்துக் காலத்தில் காலையில் மலைக்குப் போய் இருட்டுகிற நேரம் வருகிற பெண்ணுக்கு வாளி தேய்க்க நேரம் எங்கே? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து வீட்டுப் பெண்களும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து முன்கானையும் வாளிகளையும் ஒரே நாளில் சுத்தம் செய்து, வீட்டுக்கு ஒரு பொறி வைத்துவிடுங்கள். மருந்தடிக்கச் சொன்ன அந்த அக்காவையே முதலில் கூப்பிடுங்கள். அவரும் உங்கள் தொல்லை தீரத்தானே சொன்னார்.

கொய்யாவைப் பிளந்தால் உள்ளே புழு இருக்கிறதே, அதுவும் இந்த ஈதானா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். இல்லை. அது மரத்திலேயே தோலைத் துளைத்து முட்டையிடுகிற பெரிய பழ ஈ, குளவிச் சாயலில் மஞ்சள் கோடுகளோடு இருக்கும். அதில் ஓர் இனத்துக்கு நம் கண்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள், 1994இல் விவரிக்கப்பட்ட பக்ட்ரோசெரா கண்டியென்சிஸ். முட்டை சதைக்குள் இருப்பதால் கழுவினால் போகாது, வினாகிரிப் பொறிக்கும் நம்பி வராது. காய் பிஞ்சாக இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாமல் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள்.

இனி உங்கள் நாட்கணக்கு. சுவரில் கலண்டர் இருக்குமே, பெரிய சுத்தம் செய்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். மஸ்கெலியாக் குளிருக்கு அதிலிருந்து 25 நாள் எண்ணி இன்னொரு வட்டம். முதல் இரண்டு மூன்று நாளில் பொறியில் நிறைய விழும், சந்தோஷமாக இருக்கும். பிறகு குறையும். பத்துப் பதினைந்தாம் நாளில் திடீரென்று கொஞ்சம் கூடலாம், முன்பே இட்ட முட்டைகள் பொரிந்து வளர்ந்து வருவது அது. பயந்து ஸ்பிரேயை எடுக்க வேண்டாம், ஒரு தடவை எல்லா மூலையையும் மோந்து பாருங்கள், பொறியைப் புதுப்பியுங்கள். இரண்டாவது வட்டத்துக்குப் பிறகும் கோப்பையில் தினமும் விழுந்தால் நாம் பார்க்காத ஈரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அப்போது அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சாக்கு, பெட்டி, கட்டு எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்துப் போட்டு, அடிவரை கைவிட்டுப் பாருங்கள்.